காட்டில் கரடிகளை எப்படி எண்ணுகிறார்கள்?

சிங்கப்பூர் நைட் சஃபாரியில் சூரியக் கரடியைப் பார்த்தேன், காட்டில் இதை எப்படி எண்ணுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நேரில் எண்ண முடியாது, ஆள் வாடை பட்டாலே ஒதுங்கிவிடும். அதனால் மரத்தில் தானியங்கி கேமரா கட்டி, உயரத்தில் இரையைத் தொங்கவிடுவார்கள். எட்டிப் பிடிக்க அது எழுந்து நிற்கும்போது நெஞ்சிலுள்ள மஞ்சள் பிறை படத்தில் விழும், நம் கைரேகை மாதிரி ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. வட அமெரிக்காவில் அங்குள்ள வேறு வகைக் கரடிகளை அடையாளம் காண, முள்கம்பியில் சிக்கும் முடியிலிருந்து டிஎன்ஏ எடுக்கிறார்கள். அப்புறம் கணக்கு: பார்த்தவையே திரும்பத் திரும்ப வந்தால் எண்ணிக்கை சிறியது, புது முகங்களாக வந்துகொண்டிருந்தால் பெரியது.

சரி, சூரியக் கரடி ஏன் குறைகிறது? பக்கத்து மலேசியாவில் நிறையக் காடு செம்பனைத் தோட்டமாகிவிட்டது, கண்ணி வைக்கிறார்கள், பித்தப்பைக்காகக் கொல்கிறார்கள். பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும், ஒரு தாய்க்கரடி போனால் அதை ஈடுகட்டப் பல வருடமாகும்.