டெலாவேரில் எல்.எல்.சி. தொடங்கினால் உரிமையாளர் பெயர் வெளியே தெரியுமா?

அமெரிக்காவில் எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு உள்ள ஒரு நிறுவன வகை) பதிவு செய்தால் உரிமையாளர் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மாநிலத்தைப் பொறுத்தது. டெலாவேரில் பதிவுப் பத்திரத்தில் நிறுவனத்தின் பெயரும், பதிவு முகவரின் (நிறுவனத்துக்கு வரும் சட்டக் கடிதங்களை அந்த மாநிலத்தில் பெற்றுக்கொள்பவர்) பெயர், முகவரியும் இருந்தால் போதும். உரிமையாளர் பெயர் கேட்பதில்லை. கையெழுத்தைக்கூட உங்கள் சார்பில் வேறொருவர் போடலாம். நியூ மெக்சிகோவிலும் கிட்டத்தட்ட இப்படித்தான், அங்கே ஆண்டறிக்கையும் கிடையாது.

சரி, முழு ரகசியமா? இல்லை. வரி எண் வாங்கும்போது பொறுப்பாளர் ஒருவரின் பெயரை அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் சொல்லியே ஆக வேண்டும். வங்கி அடையாள ஆவணம் கேட்கும். வழக்கு என்று வந்தால் நீதிமன்றமும் கேட்கலாம். பெயரை மறைக்கலாம் என்று சொல்லும் விளம்பரங்கள் சொல்லாத இன்னொன்று: தொழில் நடப்பது கலிஃபோர்னியாவில் என்றால் அங்கேயும் பதிவு செய்ய வேண்டும். அங்கே மேலாளர் பெயரோ உறுப்பினர் (அதாவது உரிமையாளர்) பெயரோ பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும்.