வார்டில் சிரிக்கலாமா? மனநல நர்ஸ்களுக்கு ஒரு சீனியர் சிஸ்டரின் பதில்கள்

கேள்வி: நைட் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் பிள்ளைகளிடம் பேசக்கூடத் தெம்பில்லை. சிரிப்பு யோகா பலன் தருமா சிஸ்டர்?

பதில்: அன்றைக்கு மனசு லேசாகும். டாக்டர் மதன் கட்டாரியா 1995-ல் மும்பைப் பூங்கா ஒன்றில் தொடங்கியது அது. குடலிறக்கமோ கட்டுப்படாத பிரஷரோ இருந்தால் வேண்டாம். ஆனால் ஆள் பற்றாக்குறையால் வந்த களைப்பு சிரித்தால் போகாது, ரோஸ்டரை மாற்ற வேண்டும். பர்ன்-அவுட், அதாவது வேலைச் சுமையால் மனசும் உடம்பும் தேய்ந்து போவது, நோயல்ல, வேலையிடத்தில் வருவது என்று உலக சுகாதார நிறுவனமே 2019-ல் வகைப்படுத்திவிட்டது.

கேள்வி: நோயாளிகளிடம் ஜோக் அடிக்கலாமா?

பதில்: அவர்கள் தொடங்கினால் தாராளமாக. எங்கள் வார்டில் ஒரு பெரியவர், "இது நேத்து சாம்பாரோட தம்பியா?" என்று தட்டை நீட்டுவார். "இல்லைங்கய்யா, அண்ணன்" என்பேன். அப்புறம் மாத்திரைக்குத் தகராறே இருக்காது. சந்தேகம் முற்றியிருப்பவரிடமும் மேனியா (அளவுக்கு மீறிய உற்சாகமும் படபடப்பும்) உச்சத்தில் இருப்பவரிடமும் வேண்டாம். நர்ஸிங் ஸ்டேஷன் கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் சிரித்தாலே, தன்னைப் பற்றித்தான் என்று அவர் நினைப்பார்.

கேள்வி: டூட்டி ரூமில் நோயாளிகள் மாதிரி நடித்துக் காட்டிச் சிரிப்போம். தப்பா?

பதில்: தப்பு.

கேள்வி: இதென்ன சிஸ்டர் ஒரே வார்த்தையில்? அடி வாங்கிக்கொண்டு வருகிறோம். அதையும் சிரித்து ஆற்றக்கூடாதா?

பதில்: சரி தம்பி, உங்கள் கோபம் நியாயம். நடந்ததைச் சொல்லிச் சிரியுங்கள். கதவு பூட்டிக்கொண்டு சாவி உள்ளே மாட்டியது, இன்சார்ஜ் தேடிய ஃபைல் அவர் கையிலேயே இருந்தது, எல்லாம் சிரிக்கத்தான். நோயாளியின் நடையையும் பேச்சையும் நடித்துக் காட்டுவது வேறு. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பர்ன்-அவுட்டுக்குச் சொன்ன மூன்று கூறுகளில் ஒன்று, எதிரில் இருப்பவரை மனிதராகவே பார்க்காமல் போவது. அந்த நடிப்பில் எனக்குத் தெரிவது அதுதான். அந்த அறையில் புதுசாகச் சேர்ந்த மாணவிகளும் இருப்பார்கள், அவர்கள் இதைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

கேள்வி: சிரிப்பு யோகாவால் பர்ன்-அவுட் சரியாகுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வார்டு காமெடி போடலாமா?

பதில்: நோயாளியின் பெயர், படம், அடையாளம் எதுவும் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காப்பதை அவர்களின் உரிமையாக்கியிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் சிரிப்பதைப் பற்றிச் சொன்னேனே, அதையும் மறக்காதீர்கள்: தன்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: எனக்குச் சிரிப்பே வருவதில்லை. தூக்கமும் இல்லை. இருந்து என்ன என்று தோன்றுகிறது.

பதில்: இன்றே 14416-க்குக் கூப்பிடுங்கள் மா. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லுங்கள். நர்ஸ் என்பதற்காகத் தயங்காதீர்கள்.

கேள்வி: டூட்டி முடிந்தபிறகு சிரிப்பு வகுப்புக்குக் கட்டாயம் வரச் சொல்கிறார்கள்.

பதில்: டூட்டி நேரத்திலேயே வையுங்கள், அந்த அரைமணிக்கு வார்டைப் பார்க்க மாற்று ஆள் போடுங்கள் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள்.