தலைக்கட்டு வரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் பூர்வீகம் மேலூர் பக்கம் ஒரு கிராமம். அப்பாவின் வேலைக்காக மதுரைக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஊரில் இப்போது வீடும் இல்லை, நிலமும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு திருவிழாவுக்கும், குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் வசூலிக்கும் தலைக்கட்டு வரியைத் தவறாமல் அனுப்புகிறார். எனக்கு அது வீண் செலவாகவும் கொஞ்சம் சாதிப் பிடிப்பாகவும் படுகிறது. அப்பாவோ, “வரிய நிறுத்திட்டா அந்த ஊருக்கு நாம யாரும்மா?” என்கிறார். மற்ற சமூகங்களில் இப்படியெல்லாம் உண்டா? அவருக்குப் பிறகு நான் கட்ட வேண்டுமா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

உங்கள் அப்பா கேட்டது சரியான கேள்வி. ஊர்மேல் நமக்குப் பாசம் இருந்தால் மட்டும் போதாது. ஊர் நம்மிடம் உரிமையோடு ஒன்றைக் கேட்க வேண்டும், கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும் வேண்டும். நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்தால் அவர்களிடம் வரி வாங்க மாட்டார்கள். பணம் மிச்சம் என்று அதற்காக யாரும் சந்தோஷப்பட்டதில்லை. அவமானத்தில் குறுகிப்போவார்கள். கல்யாணமான பையன் தனி வரி கட்டத் தொடங்கிய பிறகுதான் ஊர்க்கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடும்.

யூதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டு வழிபாட்டின் முக்கியமான பகுதிகளுக்குக் குறைந்தது 10 பேர் வேண்டும். 9 பேர்தான் இருக்கிறார்கள் என்றால், இறந்த தகப்பனுக்காக மகன் சொல்லும் கதீஷ் பிரார்த்தனையைக்கூடச் சொல்ல முடியாது. பத்தாவது ஆளைத் தேடித் தெருவுக்கு வருவார்கள். முன்பின் தெரியாத ஊரில் போய் இறங்கும் ஒரு யூதர்கூட அங்கே தேவைப்படுகிற ஆளாகிவிடுகிறார். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. மரபான பிரிவினர் இந்தக் கணக்கில் ஆண்களை மட்டுமே சேர்ப்பார்கள். சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையும் சேர்க்கிறார்கள்.

சுவிட்சர்லாந்து பாஸ்போர்ட்டில் பிறந்த ஊருக்குப் பதிலாகக் குடும்பத்தின் பூர்வீக ஊரைத்தான் போடுவார்கள். அந்த ஊரைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட இருப்பார்கள். ஆனால் முன்பெல்லாம் ஒரு குடும்பம் எங்கே போய் நொடித்துப்போனாலும் அதைத் தாங்கும் கடமை அந்தப் பூர்வீக ஊருக்குத்தான் இருந்தது.

சரி, சாதிப் பிடிப்பு என்றீர்களே, அதை நான் மறுக்க மாட்டேன். பல ஊர்களில் வரி வசூலிக்கப் போகிறவர்கள் சில தெருக்களுக்குள் போவதே இல்லை. தேவகோட்டை பக்கம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காகப் பட்டியல் சாதி மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது, நீதிமன்றம் வரை போனது. உள்ளங்கை காய்த்துப்போகிற வேலைக்கு ஏன் இத்தனை போராட்டம்? வடத்தைத் தொட விடாவிட்டால், இது உன் தேர் இல்லை, உன் ஊரும் இல்லை என்று ஊரே பார்க்கச் சொல்வதாகத்தான் அர்த்தம்.

பெண்கள் கதையும் இதுதான். தலைக்கட்டுக் கணக்கில் அநேகமாகப் பெண்களின் பெயர்கள் ஏறுவதில்லை. கணவனை இழந்தவர் வீட்டுக்குச் சில ஊர்களில் அரை வரி போடுவார்கள். சலுகை மாதிரி தெரியும். அவரை அரை ஆளாக எண்ணுகிறார்கள் என்பதுதான் உண்மை.

அதனால் வரியைக் கட்டுங்கள். அப்பாவுக்குப் பிறகு என்று காத்திருக்கவும் வேண்டாம். வருகிற திருவிழாவுக்கே உங்கள் பெயரில் தனியாக முழு வரி எழுதச் சொல்லுங்கள். முதலில் மறுப்பார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊர்க்கூட்டத்துக்கு நேரில் போங்கள். இத்தனை வருடம் வரி கட்டியவர், அவர் பேசினால் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். வரி நோட்டு ஏன் எல்லாத் தெருவுக்கும் போவதில்லை என்பதையும் அதே கூட்டத்தில் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.