மாமன் சொன்னால் கேட்பானா?

அன்புள்ள அண்ணன்,

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு, பயாலஜி குரூப். அத்தான் ஷார்ஜாவில். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த பையன், ஜூனில் புது ஸ்கூலில் சேர்த்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. கேட்டால் எரிந்து விழுகிறான். திங்கட்கிழமை காலையானால் வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. போன்தான் கெடுக்கிறது என்று அக்கா அதை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டாள். இப்போது சரியாகச் சாப்பிடுவதுமில்லை. கவுன்சிலிங் என்றேன். "பைத்தியம் என்று ஊரில் பேசுவார்கள், நாளைக்கு இவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையுமா?" என்று அழுகிறாள். "நீ மாமன், நீ சொன்னா கேட்பான்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். என்ன சொல்லட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஒன்றும் சொல்ல வேண்டாம். அவனுக்குச் சொல்வதற்கு அம்மா இருக்கிறாள், போனில் அப்பா, டியூஷன் சார், போதாததற்குப் பக்கத்து வீடு. கேட்பதற்குத்தான் ஆளில்லை. எதிரே நாற்காலி போட்டு "உனக்கு என்னடே பிரச்சினை?" என்று ஆரம்பித்தால் வாயைத் திறக்க மாட்டான். பைக்கில் ஏற்றி முட்டம் கடற்கரை வரை போய்விட்டு வாருங்கள். முகம் பார்க்காமல் பேசுவது அந்த வயதுக்குச் சுலபம். பேசவில்லையா, சரி, டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். அடுத்த ஞாயிறும் போங்கள்.

வயிற்று வலியை நடிப்பு என்று நினைக்காதீர்கள். வளரும் பிள்ளைகளின் மனக்கஷ்டம் அழுகையாக வெளிவராமல் எரிச்சலாகவோ தலைவலி, வயிற்று வலியாகவோ வருவது மருத்துவர்கள் தினமும் பார்ப்பதுதான். சனி, ஞாயிறில் வலிக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கூலில் ஏதோ இருக்கிறது. பஸ்ஸில் யாராவது சீண்டலாம். பழைய நண்பர்கள் போயிருப்பார்கள். பயாலஜி குரூப் அவன் கேட்டு எடுத்ததா என்றும் விசாரியுங்கள். நம் மாவட்டத்தில் மார்க் வந்துவிட்டால் பிள்ளையிடம் யார் கேட்கிறார்கள்?

போன் பற்றி அக்கா சொல்வதில் பாதி சரி. இந்த வயதில் தூக்கம் இயல்பாகவே தள்ளித்தான் வரும், கையில் போனும் இருந்தால் விடிந்துவிடும். ஆனால் பழைய கூட்டுக்காரர்களோடு இருந்த ஒரே தொடர்பும் அதுதானே? தவிர, போன் வழியாக யாராவது மிரட்டினால்கூட, போனைப் பிடுங்குவார்கள் என்று பயந்து பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எல்லா போனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், அக்காவுடையதும் சேர்த்து.

ஒரு கேள்வி மட்டும் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "சாகணும்போல தோணுதா மக்களே?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அப்படி இல்லாவிட்டாலும் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். வாரக்கணக்கில் பேச்சும் சாப்பாடும் குறைந்த பிள்ளையை மாமன் பாசம் மட்டும் தேற்றிவிடாது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவு இருக்கிறது. வயிற்று வலிக்கு என்று சொல்லியே கூட்டிப்போங்கள், அது பொய்யும் இல்லை. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அக்கா யார் வாய்க்குப் பயப்படுகிறாளோ, அவர்கள் வீட்டிலும் இது இருக்கும். கூட்டிப்போவதற்கு முன்னால் விசாரிக்க வேண்டுமென்றால் 14416. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022இல் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், ராப்பகலாகத் தமிழில் பேசலாம், நீங்களே கூப்பிடலாம்.

அத்தானிடமும் பேசுங்கள். போன் செய்தால் மார்க்கைக் கேட்காமல் அவனோடு கொஞ்ச நேரம் பேசட்டும், கிரிக்கெட்டோ புரோட்டாவோ, எதுவானாலும். அப்புறம் அக்காவைத் தனியாக உட்காரவைத்து, அவள் எப்படி இருக்கிறாள் என்று விசாரியுங்கள். இரண்டு பிள்ளைகளோடு ஒற்றையாக இத்தனை நாள் சமாளித்தவள் அவள்.