நீட் கைவிட்டதால் கால்நடை மருத்துவமா? பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சில விவரங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது: "எம்.பி.பி.எஸ். கிடைக்காது போலிருக்கிறது. வெட்னரி போடலாமா?" போடலாம். ஆனால் கேள்வியிலேயே இரண்டு தவறுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ இடங்களில் பெரும்பங்கு நீட்டை வைத்து நிரப்பப்படுவதில்லை. அதனால் நீட்டில் மதிப்பெண் குறைந்ததும் இதுவும் வேறு வேறு கணக்கு. அடுத்தது, இந்தப் படிப்பு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரு படி கீழே இருப்பது அல்ல, அது வேறு தொழில். "ஒரு வருஷம் படித்துப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் மறுபடி நீட் எழுதலாம்" என்று சேர்க்கப்படும் பிள்ளைகள் முதலாண்டு உடற்கூறியல் கூடத்திலேயே திணறிப் போகிறார்கள். அந்த இடத்துக்கு ஏங்கிய இன்னொரு பிள்ளை வெளியே நிற்கும். ஆகவே முதலில் வழிமுறையைப் பார்த்துவிட்டு, பிறகு அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

படிப்பின் பெயர் பி.வி.எஸ்சி. & ஏ.ஹெச்., அதாவது கால்நடை மருத்துவம் மற்றும் கால்நடை பராமரிப்பு. நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, ஆக ஐந்தரை ஆண்டு. தமிழ்நாட்டில் இதை நடத்துவது 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். அதன்கீழ் ஏழு கல்லூரிகள்: 1903-ல் தொடங்கப்பட்ட சென்னைக் கல்லூரி (வேப்பேரி), பிறகு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி.

உள்ளே போக இரண்டு வழி. ஒன்று மாநில ஒதுக்கீடு, இது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து. கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுவார்கள். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியலில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 94 வாங்கிய பிள்ளைக்கு 96 + 46 + 47, மொத்தம் 189. தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களுக்கு இரண்டும் 50, 50 ஆக எடுத்துக்கொள்ளப்படும். உயிரியலில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று போகும், இயற்பியலில் ஒன்று குறைந்தால் அரைதான் போகும். பதினோராம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வழி அகில இந்திய ஒதுக்கீடு, 15 சதவீதம். இதற்கு நீட் வேண்டும். கலந்தாய்வை நடத்துவது இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில். பல குடும்பங்கள் தவறுவது இங்கேதான். நீட் எழுதியதோடு, எம்.பி.பி.எஸ். கலந்தாய்வில் பதிவு செய்தால் இதுவும் அதற்குள்ளேயே வந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். வராது. கால்நடைக் கவுன்சிலின் இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்து, தனியாகக் கட்டணம் கட்டி, தனியாக விருப்பக் கல்லூரிகளை நிரப்ப வேண்டும். புதுச்சேரி, கேரளக் கல்லூரிகளுக்கு அந்தந்த மாநிலச் சேர்க்கை முறை வேறு. விதிமுறை ஆண்டுதோறும் சிறிது மாறலாம் என்பதால், அந்த ஆண்டின் தகவல் தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். உறவினர் போன வருஷம் செய்ததை அப்படியே செய்யாதீர்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இந்தப் படிப்புக்கும் உண்டு. அதற்கு ஒவ்வொரு வகுப்புக்கும் படிப்புச் சான்று தேவை. இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால் எல்லாப் பள்ளிகளிலும் போய் வாங்கிவர வேண்டும். கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் கிடைப்பது அரிது, எனவே தேர்வு முடிந்த கையோடு கிளம்பிவிடுங்கள்.

சான்றிதழ்களில் வழக்கமாக வரும் சிக்கல்கள் சில. மதிப்பெண் பட்டியலில் ஒரு தலைப்பெழுத்து, சாதிச் சான்றிதழில் இன்னொன்று. அப்பா பெயர் ஒன்றில் "குமார்", இன்னொன்றில் "குமாரசாமி". இவற்றைக் கலந்தாய்வு நாளன்று திருத்த முடியாது. அகில இந்திய ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் இடம் கேட்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: மாநிலம் தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் இல்லை என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

விருப்பக் கல்லூரிகளை நிரப்பும்போது "கிடைக்கிற இடத்தை முதலில் போடுவோம்" என்று பயந்து வரிசையை மாற்றாதீர்கள். உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதையே முதலில் போடுங்கள். அது கிடைக்காவிட்டால்தான் அடுத்ததுக்குப் போவார்கள். கல்லூரியைத் தேர்வதற்கு ஊர் தூரத்தை மட்டும் அளவுகோலாக வைக்கவும் வேண்டாம். வேப்பேரி மருத்துவமனையில் நாயும் பூனையும் ஏராளமாக வரும். நாமக்கல் கோழிப்பண்ணைகளின் நடுவில் இருக்கிறது. ஒரத்தநாட்டில் டெல்டாவின் மாடும் ஆடும். எங்கே சேர்ந்தாலும் பாடத்திட்டம் ஒன்றே, ஆனால் கை பழகும் உயிரினம் மாறும்.

முதல் சுற்றில் பெயர் வரவில்லை என்றால் உடனே மனம் விட்டுவிடாதீர்கள். கால்நடை இடம் கையில் இருக்கும் பிள்ளைகள் சிலர் எம்.பி.பி.எஸ். கிடைத்ததும் விலகுவார்கள், பட்டியல் நகரும். அதுவரை வேறு கல்லூரியில் சேர்ந்திருந்தால், அசல் சான்றிதழ்களைத் திரும்பப் பெறும் விதி என்ன என்பதைச் சேரும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் ஒதுக்கீடு கிடையாது. வெளிமாநிலத் தனியார் கல்லூரியில் சேர்ப்பதானால், கால்நடைக் கவுன்சிலின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்துப் பதிவு செய்ய முடியாது, பதிவில்லாமல் மருத்துவம் பார்க்கவும் முடியாது. கால்நடை சம்பந்தப்பட்ட பட்டயப் படிப்புகளும், இதே பல்கலைக்கழகத்தின் கோடுவெளி, ஓசூர் கல்லூரிகளில் உள்ள பி.டெக். படிப்புகளும் நல்ல படிப்புகள்தான், ஆனால் அவற்றை முடித்தவர் கால்நடை மருத்துவர் ஆவதில்லை.

இனி உள்ளே என்ன நடக்கும் என்பது. முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், பண்ணை மேலாண்மை. மனித மருத்துவ மாணவர் ஓர் உடலைப் படிக்கிறார். இங்கே மாட்டை அடிப்படையாக வைத்து, குதிரை, நாய், பன்றி, கோழி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். முதுகெலும்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாடு, குதிரை, நாய் மூன்றுக்கும் கழுத்தெலும்பு ஏழு. ஆனால் மார்புப் பகுதியில் மாட்டுக்கு 13, குதிரைக்கு 18, நாய்க்கு 13. இடுப்புப் பகுதியில் மாட்டுக்கும் குதிரைக்கும் ஆறு, நாய்க்கு ஏழு. வாய்மொழித் தேர்வில் மேசைமேல் ஓர் எலும்பை வைத்து, எந்த விலங்கு, எந்தப் பக்கம், எது முன்புறம் என்று கேட்பார்கள். புத்தகத்தை மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே நின்றுவிடும். எலும்பைக் கையில் எடுத்துத் தடவித் தடவிப் பழகிய பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். நீட்டுக்கு நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தே பழகியவர்கள் முதலாண்டில் சறுக்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இங்கே விடையை எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், வாயால் சொல்ல வேண்டும்.

பிரேதக் கூடத்தில் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடும் பிள்ளை அன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. பண்ணை வகுப்பு விடியலில் தொடங்கும்: பால் கறவை, சாணம் அள்ளுவது, தீவனம் எடை போடுவது. "இதற்கா இவ்வளவு மார்க் எடுத்தோம்" என்று முதல் வாரம் சில பிள்ளைகள் வீட்டுக்குப் போன் செய்து அழும். அதைக் கேட்டு உடனே பஸ் ஏறாதீர்கள். தீனி எடுக்காத மாட்டை நூறு மாடுகளுக்கு நடுவே கண்டுபிடிக்கும் கண் அந்தக் கொட்டகையில்தான் வருகிறது. வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். குடும்ப விசேஷங்களுக்கெல்லாம் பிள்ளையை வரவழைக்கும் வழக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், மருந்தியல், தீவனம், இனவிருத்தி, பொதுச் சுகாதாரம் என்று பாடம் விரிகிறது. பிரேதப் பரிசோதனை செய்யப் பழகும் அதே நேரத்தில், எப்போது கத்தியைத் தொடக்கூடாது என்பதையும் படிப்பார்கள். திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் என்று சந்தேகிக்க வேண்டும். அதை அறுத்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் தங்கிவிடும். காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் தகட்டில் எடுத்தால் போதும்.

நாலாம் ஆண்டு மருத்துவம், அறுவை, ஈனியல் (சினை, ஈற்று பற்றிய பாடம்). பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பது இந்தக் கட்டத்தைப் பற்றித்தான்: "பெண் பிள்ளையால் மாட்டைச் சமாளிக்க முடியுமா?" முடியும். மாட்டைப் பலத்தால் யாரும் சமாளிப்பதில்லை. படுக்க வைக்க வேண்டுமென்றால் 30, 40 அடிக் கயிறு ஒன்று. கழுத்தில் இறுகாத சுருக்கு, முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு மடிப்பு, மடிக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி இன்னொரு மடிப்பு. கயிற்றின் முனையை நேராகப் பின்னால் இழுத்தால் மாடு தானாகக் காலை மடக்கிப் படுத்துவிடும். முடிச்சு தெரியாத ஆறு பேர் தள்ளினாலும் படுக்காத மாடு அது. மலக்குடலுக்குள் கைவிட்டுச் சினை பார்ப்பதும் அப்படித்தான். தோள் வரை கையுறை, வழுவழுப்பு, ஒட்ட வெட்டிய நகம், அதோடு பொறுமை. மாடு முக்கும்போது கையை அசைக்காமல் வைத்திருந்து, தளர்ந்த பிறகு முன்னேற வேண்டும். அவசரப்பட்டால் மலக்குடல் கிழியும்.

இந்தத் தொழில் பிள்ளையின் மனதைப் பிடிப்பது பெரும்பாலும் ஒரு பால் சுரக் கேஸில், அதாவது ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு விழுந்துவிடும் நோயில். கன்று ஈன்று மூன்று நாளுக்குள், நிறையக் கறக்கும் மாடு எழுந்திருக்க முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் வளைத்து வைத்துப் படுத்திருக்கும். காது சில்லென்றிருக்கும். வீட்டுக்காரர் செத்துவிட்டது என்றே நினைத்திருப்பார். 450 மில்லி கால்சியம் பாட்டிலை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். ஒரு கையில் பாட்டில், காதில் ஸ்டெதஸ்கோப். துடிப்பு தடுமாறினால் உடனே நிறுத்த வேண்டும், அவசரமாக ஏற்றினால் மருந்தே இதயத்தை நிறுத்திவிடும். சரியாகச் செய்தால் பாட்டில் முடிவதற்குள் மாட்டுக்கு ஏப்பம் வரும், தசை நடுங்கும், சிறிது நேரத்தில் எழுந்து நிற்கும். எல்லா நாளும் இப்படி முடியாது. காப்பாற்ற முடியாத உயிரை வலியில்லாமல் முடித்துவைப்பதும், கடன் வாங்கி வாங்கிய மாடு போய்விட்டது என்று அந்த வீட்டாரிடம் சொல்வதும் இதே வேலையின் பகுதி. பிள்ளை ஒரு வாரம் சரியாகப் பேசாவிட்டால் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

வேலை விஷயம். பட்டமும் பயிற்சியும் முடித்து மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தபின்தான் தனியாக மருத்துவம் பார்க்கலாம். கால்நடை பராமரிப்புத் துறையின் உதவி மருத்துவர் பணிக்குத் தேர்வு நடத்துவது டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு ஆண்டுதோறும் வரும் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. இடைப்பட்ட காலத்தில் கோழி நிறுவனங்கள், தீவன ஆலைகள், பால் நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், நகரத்துச் செல்லப்பிராணி மருத்துவமனைகள் இருக்கின்றன. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கும், ராணுவத்தின் கால்நடைப் பிரிவுக்கும் இந்தப் பட்டம் செல்லும். ஆராய்ச்சி, ஆசிரியப் பணி என்றால் எம்.வி.எஸ்சி. என்னும் மேற்படிப்பு, இரண்டு ஆண்டு.

விருப்பப் பட்டியலை நிரப்புவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் அனுமதி கேட்டு, இரண்டு நாள் காலை எட்டு மணி முதல் பிள்ளையை நிற்கவிடுங்கள். நீங்கள் கூட நிற்க வேண்டாம். புழு வைத்த புண்ணைக் கழுவுவார்கள், நச்சுக்கொடி விழாத மாடு வரும், நாற்றம் இருக்கும். மயக்கம் வந்தாலும் கவலையில்லை, அது பழகினால் போய்விடும். இரண்டாம் நாள் தானாகக் கிளம்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சேர்வது உறுதியானால் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசியை முதலிலேயே போட்டுவிடுங்கள். மூன்று தவணை: முதல் நாள், ஏழாம் நாள், 21 அல்லது 28-ஆம் நாள். அட்டையைப் பத்திரமாக விடுதிக்குக் கொடுத்தனுப்புங்கள், கடி பட்டால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். டெட்டனஸ் ஊசியும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வெள்ளைக் கோட்டு, அளவான கம்பூட்ஸ், பண்ணைக்கென்று தனியாக இரண்டு செட் பழைய உடுப்பு, அவற்றை மற்றத் துணியோடு சேர்க்காமல் துவைக்க ஒரு தனி வாளி. கன்று வீசிய (கரு கலைந்த) மாட்டின் நச்சுக்கொடியைக் கையுறையில்லாமல் தொடவே கூடாது என்று, கல்லூரியில் சொல்வதற்கு முன் நீங்களே ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.