மாங்கனி இறைத்தல்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா பார்க்கக் குடும்பத்தோடு காரைக்கால் போயிருந்தேன். மாடிகளிலிருந்து கூடை கூடையாக மாம்பழம் வீசுகிறார்கள். காலடியில் நசுங்கிக் கிடந்த பழங்களைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டது. வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தால் ஆகாதா? அன்று மாலையே ஊர் திரும்பிவிட்டோம்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நசுங்கிய பழத்தைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும். கெட்டியான பழமாகப் பார்த்து இறைத்தால் நல்லது. ஆனால் வரிசை வேண்டாம்.

பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆன புனிதவதியின் கதை நினைவிருக்கும். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு பழங்களில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்டாள். இன்னொன்றைச் சாப்பிட்ட கணவன் அடுத்ததையும் கேட்கிறான். அவள் இறைவனை நினைக்க, கையில் ஒரு பழம் வந்து விழுகிறது. பவழக்கால் சப்பரத்தில், பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவனான பிச்சாண்டவர் வரும்போது கீழே நின்று கையேந்துகிற ஒவ்வொருவரும் அந்த நொடியில் புனிதவதிதான். பழம் எங்கிருந்து வரும் என்று தெரியக்கூடாது. டோக்கன் வாங்கி நின்றால் அது அன்னதானம். அதுவும் நல்ல காரியம்தான், ஆனால் இது வேறு.

பிள்ளை வரம் கேட்டு முந்தானை விரிக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். வேண்டுதல் பலித்தவர்கள் அடுத்த ஆண்டு கூடையோடு வந்து இறைக்கிறார்கள். ஒருமுறை பாரதியார் வீதியில் என் பக்கத்தில் ஒரு பாட்டியின் மடியில் பழம் விழுந்தது. முன்பின் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முந்தானையில் அதைப் போட்டு, "எனக்கு எதுக்கும்மா, நீ கொண்டு போ" என்றார். அந்தப் பெண் அதை முடிச்சுப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் யோசித்தது இதைத்தான்: புனிதவதிக்குப் பிள்ளை இல்லை. அவளைத்தான் சிவன் 'அம்மையே' என்று அழைத்தார். பிள்ளை கேட்டு அவளிடமே வருகிறார்கள்.

இது வணிகர்களின் கதையும்கூட. புனிதவதி வணிகர் தலைவன் தனதத்தனின் மகள், அவள் கணவன் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகன் மகன். மனைவி தெய்வம் என்று அஞ்சியவன் கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டில் வேறு மணம் செய்துகொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான்.

முடிவு என்னவென்று தெரிந்தும் ஊர் ஆண்டுதோறும் விழாவில் மாப்பிள்ளை அழைத்து, சீர் வைத்து, புனிதவதி பரமதத்தன் கல்யாணத்தை மனதாரச் செய்துவைக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் இந்த விழாவில் இல்லை.

நீங்கள் மாலையிலேயே கிளம்பியதில்தான் எனக்கு வருத்தம். இரவில் பரமதத்தனின் இரண்டாம் திருமணமும் நடக்கும். அழகை உதறிப் பேயுரு கேட்டுப் பெற்றவள், தலையால் நடந்து கயிலை ஏறியவள், விடியலில் இறைவனைக் காண்பாள். அடுத்த ஆனியில் ஓர் இரவு தங்குவதுபோல் வாருங்கள்.