இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு: மேப் ஏன் தாம்பரம் பக்கம் இழுக்கிறது?

இருங்காட்டுக்கோட்டையில் கார், பைக் பந்தயம் பார்த்துவிட்டு, கல்பாக்கம் பக்கத்திலுள்ள சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போக வழி தேடினால் மேப் தாம்பரம் பக்கம் இழுக்கிறது என்கிறீர்கள். தாம்பரம், ஈ.சி.ஆர். எதுவும் வேண்டாம். ரேஸ் டிராக்கிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய், ஒரகடம், சிங்கபெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகத் தென்கிழக்கே இறங்கினால் சதுரங்கப்பட்டினம், சுமார் 70 கி.மீ.தான்.

மேப்பில் மாமல்லபுரத்தை நடுவில் ஒரு நிறுத்தமாக வைத்திருப்பீர்கள், அதனால்தான் சுற்றிவிடுகிறது என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிட்டு திருக்கழுக்குன்றத்தைப் போட்டுப் பாருங்கள், பாதை உடனே மாறும்.

சிங்கபெருமாள் கோவிலில் ரயில் பாதையைத் தாண்டும் இடத்தில் நெரிசல் இருக்கலாம், அப்புறம் செங்கல்பட்டுக்கு முன்னால் பரனூர் சுங்கச்சாவடி, ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருக்கழுக்குன்றம் மலை தெரிந்துவிட்டால் மீதி எளிது.

ஒன்று மட்டும்: கடைசிப் பந்தயம் வரை உட்கார்ந்துவிட்டு அன்றைக்கே கிளம்பாதீர்கள். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, மாலையில் மூடிவிடுவார்கள், ஞாயிறு மாலை சென்னை திரும்பும் கூட்டம் வேறு. மறுநாள் காலையில் போங்கள். உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைப் பலகைகளில் எழுத்தையும் சின்னங்களையும் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள், சாய்ந்து விழும் காலை வெயிலில் ஒவ்வொரு கோடும் தெரியும். அந்தப் பகுதி பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள்.